பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, யார் சரிசெய்ய வேண்டும்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்றே வேளச்சேரி மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பட்டது போதும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். அந்தப் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியைப் பலரும் கேட்கவில்லை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பார்க்கிங் இடத்தில் தண்ணீர் ஏன் வருகிறது? புயல் வெள்ளத்தை விடுங்கள், மழையே இல்லாத பிப்ரவரியில்கூடச் சில குடியிருப்புகளின் பேஸ்மென்ட் சுவர் ஈரமாக இருக்கிறதே, அது எதனால்?

அசோசியேஷன் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். ஒருவர் பில்டரைத் திட்டுவார், ஒருவர் மேலே தோட்டம் வைத்தவரைக் கைகாட்டுவார், கடைசியில் யாரோ தெரிந்த வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிட்டுச் சுவருக்கு ஏதாவது பூசிவிட்டு அனுப்புவார்கள். அடுத்த மழையில் பத்தடி தள்ளி அதே ஈரம். காரணம் எளிமையானது: தண்ணீர் தெரியும் இடம் வேறு, அது உள்ளே நுழையும் இடம் வேறு. எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கும் முன் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அந்த ஆதாரத்தைத் தேடுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

தரைக்குக் கீழே போனால் என்ன மாறுகிறது

மண்ணுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பியிருக்கும். அந்த மட்டத்தைத்தான் நிலத்தடி நீர்மட்டம் என்கிறோம். சென்னையில் மே மாதம் அது ஆழத்தில் கிடக்கும், வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர், ஜனவரியில் பல இடங்களில் தரைக்கு வெகு அருகே ஏறி நிற்கும். பேஸ்மென்ட்டின் தளம் தரையிலிருந்து மூன்று, மூன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. அதாவது வருடத்தில் சில மாதங்கள் அந்த அறை தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

தண்ணீருக்குள் இருந்தால் அழுத்தம் வரும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் என்பது கணக்கு. நீர்மட்டம் தளத்துக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால், சுவரின் அடிப்பகுதியைச் சதுர மீட்டருக்கு மூன்று டன் உள்ளே தள்ளும், தளத்தை அதே மூன்று டன் மேலே தூக்கும். காலி வாளியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் கை உணரும் அதே விசை இது.

மண் வகையும் முக்கியம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பகுதிகளில் மழை பெய்ததும் நீர்மட்டம் சட்டென்று ஏறும், பிறகு இறங்கவும் செய்யும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பு நிலமும் களிமண்ணும். உள்ளே போன தண்ணீர் வெளியேற நாளாகும். களிமண் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டும்போது தோண்டிய குழி கட்டடத்தைவிட அகலமாக இருக்கும். சுவர் எழுப்பிய பிறகு அந்த இடைவெளியில் கிடைத்த மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி மூடுவார்கள். சுற்றியுள்ள களிமண் தண்ணீரை விடாது, இந்தத் தளர்வான நிரப்பு மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆக, ஊரில் நீர்மட்டம் கீழே இருந்தாலும் சுவரை ஒட்டி மட்டும் ஒரு நீர்ப்படலம் தேங்கி நிற்கும்.

மழைநீர் சேகரிப்பும் இதில் சேரும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் இறக்கும் உறிஞ்சு குழியைப் பேஸ்மென்ட் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தோண்டினால், நாமே குழாய் போட்டு அந்தச் சுவருக்குத் தண்ணீர் விடுகிறோம் என்று அர்த்தம். குழியை மூடச் சொல்லவில்லை, எட்டத்தில் வையுங்கள் என்கிறேன்.

தண்ணீர் வரும் வழிகள்

1. நிலத்தடி நீர்: சுவர், தளம், அவை சேரும் மூட்டு வழியாக.
2. மேலிருந்து: பேஸ்மென்ட் கூரைக்கு மேல் இருக்கும் முற்றம், தோட்டம், விளையாட்டு இடம். இதைப் பொடியம் என்பார்கள்.
3. குழாய்கள்: குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு லைன்.
4. பேஸ்மென்ட் சுவரை ஒட்டிய சம்ப், நீச்சல் குளம், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி.
5. ராம்ப், அதாவது கார் இறங்கும் சரிவுப் பாதை. காற்றுக்காக விட்ட திறப்புகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.
6. பின்னோட்டம்: தெரு வடிகாலோ பாதாளச் சாக்கடையோ நிரம்பி, நம் குழாய் வழியாகவே திரும்பி உள்ளே வருவது.
7. வியர்ப்பது: ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராகப் படிவது.

ஏழாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாலு நாள் மழைக்குப் பிறகு தரை குளிர்ந்திருக்கும், வெளியே புழுக்கம் தொடங்கியதும் பேஸ்மென்ட் தரை முழுக்க மெல்லிய ஈரம் படரும். தளம் கசிகிறது என்று பயந்து லட்சக்கணக்கில் செலவு செய்யக் கிளம்புவார்கள். நாலு விசிறி போட்டால் போகிற விஷயம் அது.

முதல் ஆதாரம்: நேரம்

எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாட்ச்மேனிடம் கொடுத்து, எந்தத் தூண் அருகே, எத்தனை மணிக்கு, மழை எப்போது தொடங்கி எப்போது நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்தால் தேதியும் நேரமும் தானாகப் பதியும். ஒரு பருவமழைக்கு இதைச் செய்தாலே பாதி வழிகள் அடிபட்டுப் போகும்.

- மழை வலுத்த சில நிமிடங்களில் வந்து, மழை நின்ற ஓரிரு மணி நேரத்தில் நின்றால் அது நேரடி வழி. ராம்ப், காற்றுத் திறப்பு, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் உடைந்த மூட்டு, இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே விட்ட விரிவு இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.
- மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, நின்ற பிறகும் ஓரிரு நாள் சொட்டினால் பொடியம் தோட்டம். மண் முழுக்க நனைந்த பிறகுதான் அடியில் உள்ள தளத்துக்குத் தண்ணீர் வரும், அப்புறம் மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். மழையில்லாத நாளில் தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சிய பிறகும் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் உறுதியாகிவிடும்.
- பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு ஆரம்பித்து, வானம் வெளுத்த ஜனவரி, பிப்ரவரியிலும் தொடர்ந்தால் நிலத்தடி நீர்.
- மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் காலையிலும் மாலையிலும் மட்டும் கூடினால் குளியலறை, சமையலறைக் கழிவுக் குழாய்.
- மே மாதத்திலும் இரவு பகல் ஒரே அளவில் வந்தால் அழுத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. குடிநீர்க் குழாய், சம்ப், நீச்சல் குளம், தீயணைப்பு லைன்.

தீயணைப்பு லைனுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. அந்த லைனில் எப்போதும் அழுத்தம் குறையாமல் வைத்திருக்க ஜாக்கி பம்ப் என்று ஒரு சின்னப் பம்ப் இருக்கும். யாரும் வால்வைத் திறக்காமலேயே அது அடிக்கடி தானாக ஓடி நிற்கிறது என்றால், லைனில் எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது. அந்தக் குழாய் பெரும்பாலும் கட்டடத்தைச் சுற்றி மண்ணுக்குள் போகிறது, அதாவது பேஸ்மென்ட் சுவரை ஒட்டி. எலக்ட்ரீஷியனோ வாட்ச்மேனோ அந்தப் பம்ப் ஓடும் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்கும் ஈரச் சுவருக்கும் தொடர்பு இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது ஆதாரம்: தண்ணீரே

சென்னையில் டிடிஎஸ் மீட்டர் இல்லாத அசோசியேஷன் குறைவு. சின்னக் கருவி, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும். கசியும் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து அதன் அளவையும், உங்கள் போர்வெல், மெட்ரோ வாட்டர், சம்ப் தண்ணீரின் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. போர்வெல் தண்ணீரில் பொதுவாக அதிகம். மெட்ரோ வாட்டரில் கிருமி நீக்கக் குளோரின் கொஞ்சம் மீதமிருக்கும், மீன் தொட்டிக்கும் நீச்சல் குளத்துக்கும் விற்கும் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தால் அதைப் பார்க்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. கான்கிரீட் வழியாக மெதுவாக ஊறிவரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும், அதனால் டிடிஎஸ் ஏறும். குளோரினும் வழியில் அழிந்துபோகும். ஆகவே குளோரின் இருந்தால் குடிநீர்க் குழாய் அல்லது நீச்சல் குளம் என்று நம்பலாம், இல்லையென்றால் குடிநீர் அல்ல என்று சொல்லிவிட முடியாது. நாற்றம், நுரை, வழுவழுப்பு இருந்தால் கழிவுநீர். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் அமோனியாவும் ஈகோலை கிருமியும் பார்க்கச் சொன்னால் போதும்.

சொட்டும் இடத்தில் வெள்ளையாகப் படிவதும், கூரையிலிருந்து சின்ன வெள்ளைக் குச்சிகள் தொங்குவதும் இந்தச் சுண்ணாம்புதான். அது நேற்று வந்த கசிவு அல்ல, மாதக்கணக்கில் நடப்பது என்று அர்த்தம். காரின் மேல் இந்தத் தண்ணீர் சொட்டிக் காய்ந்தால் பெயின்ட் அரித்துப்போகும், துடைத்தாலும் தழும்பு போகாது. பழுப்பு நிறத்தில் வழிந்திருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து மேலுள்ள கான்கிரீட்டை உதிர்க்கும் என்பதால், பழுப்புக் கறை உள்ள இடங்களை முதலில் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஆதாரம்: இடம்

டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரை ஒட்டி நடந்து பாருங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்து அடித்தால் ஈரத்தின் பளபளப்பும் வெடிப்பும் தனியாகத் தெரியும்.

கான்கிரீட் சுவரின் நடுப்பகுதி அவ்வளவு எளிதில் கசியாது. கசிவது மூட்டுகளில். முதலில் தளத்தைக் கொட்டுவார்கள், அதோடு சேர்த்துச் சுவரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துவார்கள், பிறகு வேறொரு நாளில் மீதிச் சுவரை எழுப்புவார்கள். பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் அந்தக் கோடு தரைக்குச் சற்று மேலே சுவர் நெடுகப் போகும். அங்கே வாட்டர் ஸ்டாப் என்ற பட்டையை வைத்திருக்க வேண்டும். வைக்காமல் விட்டிருந்தால், அல்லது வைத்தும் மடங்கிப் போயிருந்தால், தரைக்கு ஒரு சாண் மேலே படுக்கைவாட்டில் ஒரு ஈரக்கோடு நீளமாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு வேறு சந்தேகம் வேண்டாம், நிலத்தடி நீரோ சுவரை ஒட்டித் தேங்கிய நீரோ மூட்டு வழியாக வருகிறது.

சுவரில் சம இடைவெளியில் வட்ட வட்டமாக ஈரப் புள்ளிகள் இருந்தால் அது வேறு கதை. கான்கிரீட் கொட்டும்போது இரண்டு பக்கப் பலகைகளையும் பிடித்து நிறுத்தக் குறுக்கே கம்பி கொடுத்திருப்பார்கள். பிறகு அந்த ஓட்டைகளைச் சிமென்ட் கலவையால் மேலோட்டமாக அடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வரிசை தப்பாமல் புள்ளி வைத்தாற்போல் ஈரம் வந்தால் அந்த ஓட்டைகள்தான்.

குழாயோ கேபிளோ சுவரைத் துளைத்து வரும் இடம் மூன்றாவது. அங்கே சுற்றிலும் உள்ள இடைவெளியை வெறும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் தண்ணீர் நிச்சயம் வழி கண்டுபிடிக்கும். மின்கேபிள் வரும் குழாய்க்குள்ளேயே தண்ணீர் ஓடி மின்பெட்டிக்குள் கொட்டுவதும் நடக்கிறது, இது ஆபத்தானது, அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

கூரைக் கசிவில்தான் இடம் ஏமாற்றும். பொடியத்தில் மேலே நாம் நடக்கும் தரைக்கும் அடியில் உள்ள கான்கிரீட் தளத்துக்கும் நடுவே உள்ள நிரப்பில் தண்ணீர் சரிவைப் பார்த்து எங்கோ ஓடி, முதல் வெடிப்பு கிடைக்கும் இடத்தில் கீழே இறங்கும். கீழே 14-ஆம் நம்பர் கார் மேல் சொட்டினால், மேலே அதற்கு நேராக உடைப்பதில் பயனில்லை.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

பிளாஸ்டிக் சோதனை. தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஷீட்டின் மேல் ஈரம் இருந்தால் காற்றிலிருந்து வந்தது. அடியில் இருந்தால் தளத்திலிருந்து வருகிறது.

சம்ப் சோதனை. இரவு பதினொரு மணிக்கு உள்ளே வரும் குழாயையும் வெளியே இறைக்கும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டத்தைச் சம்ப் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள், காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் சம்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 120 லிட்டர் போயிருக்கிறது. கசிவு வெளியிலிருந்து உள்ளேயும் நடக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். சுற்றிலும் கழிவுநீர் தேங்கியிருந்தால் அது குடிநீருக்குள் வரும்.

வண்ணச் சோதனை. சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வண்ணம்: தோட்டத் தொட்டியில் ஒன்று, கழிவுக் குழாயில் இன்னொன்று. ஃப்ளோரசீன் என்ற பச்சை ஒளிரும் சாயம் இதற்கென்றே உள்ளது. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊற்றாதீர்கள், ஒன்று முடிந்து ஓரிரு நாள் கழித்து அடுத்தது. மண் வழியாகப் போகும்போது சாயம் தங்கிவிடக்கூடும், அதனால் வண்ணம் வராததை வைத்து ஒரு வழியைத் தள்ளிவிடக் கூடாது.

தேக்கிப் பார்ப்பது. பொடியத்தில் ஒரு பகுதியைச் சுற்றிச் சின்ன வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே பார்ப்பது. பகுதி பகுதியாகச் செய்தால்தான் எந்தப் பகுதி என்று தெரியும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுதல் எடை.

தெர்மல் கேமரா கொண்டுவந்து வண்ணப் படம் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்ப வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. ஆவியாகும் ஈரம் குளிர்ச்சியாகத் தெரியும் என்பதால் உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

கசிவு வேறு, வெள்ளம் வேறு

ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் நாலு லிட்டர்தான். இடைவிடாத எரிச்சல், கட்டடத்துக்கு நீண்டநாள் கேடு, ஆனால் காரை மூழ்கடிக்காது. மூழ்கடிப்பது ராம்ப் வழியாகவும் பின்னோட்டத்திலும் வருவது. அதன் கணக்கு மிரட்டலானது.

ஆறு மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம் உள்ள திறந்த ராம்ப் மேல் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் நிமிடத்துக்கு 120 லிட்டர் வரும். அடியில் குறுக்குக் கால்வாயும் நல்ல பம்பும் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் தெருவில் தேங்கிய தண்ணீர் ராம்ப் வாசலின் மேடுக்கு மேலே வெறும் 5 சென்டிமீட்டர் ஏறிவிட்டால், அதே ஆறு மீட்டர் அகலத்தில் நொடிக்குச் சுமார் 110 லிட்டர் உள்ளே கொட்டும். 10 சென்டிமீட்டர் என்றால் இரு மடங்கல்ல, ஏறக்குறைய மூன்று மடங்கு, நொடிக்கு 320 லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் பேஸ்மென்ட்டில் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். எந்த அசோசியேஷன் பம்பும் அதோடு போட்டி போட முடியாது.

அதனால்தான் வெள்ளத்துக்குத் தீர்வு பம்ப் அல்ல, வாசலில் உள்ள உயரம். ராம்ப் தெருவிலிருந்து நேராகக் கீழே இறங்கக் கூடாது. முதலில் ஒரு மேடு ஏறி, பிறகுதான் இறங்க வேண்டும். கட்டும்போது மேடு சரியாக இருந்திருக்கும், ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். உங்கள் ராம்ப் மேட்டுக்கும் தெருவின் நடுவுக்கும் இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று ஒரு டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். கொத்தனார் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். குறைந்துபோயிருந்தால் மேட்டை உயர்த்த வேண்டும், அல்லது மழைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும் தடுப்புப் பலகை வைக்க வேண்டும்.

பம்ப் இருக்கும் இடங்களில் பார்க்க வேண்டியவை:

1. இரண்டு பம்ப் இருக்கிறதா, இரண்டும் ஓடுகிறதா. ஒன்று ரிப்பேராகி மூன்று வருடம் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியாது.
2. மிதவை சுவிட்ச் குப்பையில் சிக்கியிருக்கிறதா.
3. பம்ப் தண்ணீரை எங்கே விடுகிறது. தெரு வடிகாலில் என்றால், வடிகால் நிரம்பியதும் அதே தண்ணீர் ராம்ப் வழியாகத் திரும்பி வரும்.
4. திரும்பி வராமல் தடுக்கும் வால்வு குழாயில் இருக்கிறதா, அது மூடுகிறதா.
5. மின்சாரம் எங்கிருந்து வருகிறது. வெள்ளத்தில் பாதுகாப்புக்காக மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும். ஜெனரேட்டரும் மின்பெட்டியும் பேஸ்மென்ட்டிலேயே இருந்தால் பம்ப் தேவைப்படும் நேரத்தில் ஓடாது.

தண்ணீர் ஏறும்போது இறங்காதீர்கள்

2022 செப்டம்பரில் தென் கொரியாவின் போஹாங் நகரில் ஹின்னம்நோர் புயலின்போது பக்கத்து ஓடை கரைபுரண்டு ஒரு குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங்கில் புகுந்தது. காரை எடுக்கப் போனவர்களில் ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கூரையை ஒட்டிய குழாய்களின் அருகே தலையை மேலே வைத்துக்கொண்டு பல மணி நேரம் தாக்குப்பிடித்துப் பிழைத்தார்கள். 2024 ஜூலையில் டெல்லி ஓல்டு ராஜேந்தர் நகரில் பயிற்சி மையம் ஒன்றின் பேஸ்மென்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மேலே சொன்ன நொடிக்கு 320 லிட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் ராம்பில் எதிர்த்து ஏற முடியாது, கதவு திறக்காது, மின்கசிவு வேறு. காரை முன்னாடியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி அணைத்துவிடுங்கள், பேஸ்மென்ட் மின்சாரத்தை மேலே இருந்தே துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். வெளியே மண்ணில் நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது உள்ளே நிற்கும் தண்ணீர் அந்த அழுத்தத்துக்கு எதிர் எடையாக நிற்கிறது. பெரிய பம்ப் வைத்து ஒரே இரவில் இறைத்தால் தளம் மேலே எழும்பி வெடிக்கவும் சுவர் உள்ளே தள்ளப்படவும் வாய்ப்பு உண்டு. ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைத்து, இரவில் மட்டம் மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு போவதுதான் முறை. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

பழுது பார்ப்பது

காரணம் தெரிந்த பிறகு வேலை நேரடியானது. குழாய் என்றால் குழாயை மாற்ற வேண்டும். பொடியம் என்றால் மேலிருந்து தோண்டி நீர்த்தடுப்புப் படலத்தைப் புதிதாகப் போட வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் கீழே இருந்து பூசுவது பயன்படாது. தண்ணீர் வரும் பக்கத்தில் தடுத்தால் அழுத்தமே தடுப்பைச் சுவரோடு ஒட்ட வைக்கும், வெளியேறும் பக்கத்தில் பூசினால் அதே அழுத்தம் அதை உரித்துத் தள்ளும். பேஸ்மென்ட் சுவரில் அடித்த பெயின்ட் கொப்பளித்து உரிவது அதனால்தான்.

ஆனால் சுவருக்கு வெளியே தோண்ட முடியாத நிலையில், மூட்டுகளில் துளை போட்டு பாலியூரித்தேன் என்ற ரசாயனத்தை ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்த வழி. தண்ணீர் பட்டதும் நுரைத்துப் பருத்து அடைக்கும். எப்பாக்ஸி உலர்ந்த வெடிப்பில் கட்டட வலிமைக்காக ஏற்றுவது, ஓடும் தண்ணீரை அடைக்க அது சரிவராது. ஒரு இடத்தை அடைத்தால் தண்ணீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும் என்பதால் ஒப்பந்தத்தில் ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று போடாமல், முழு மூட்டு நீளத்துக்கும் அடுத்த பருவமழை முடியும்வரை பொறுப்புக்கும் சேர்த்துப் பேசுங்கள். சில கட்டடங்களில் கசிவை முழுவதும் நிறுத்துவதைவிட, சுவரோரம் சின்னக் கால்வாய் எடுத்துப் பம்ப் குழிக்குக் கொண்டுபோவது மலிவாகவும் நம்பகமாகவும் இருக்கும். கம்பி துருப்பிடிக்கும் இடத்தில் மட்டும் இந்தச் சமரசம் கூடாது.

ரசாயனம் விற்பவரிடமே நோயையும் கேட்காதீர்கள். அவர் விற்கும் பொருள் எதுவோ அதற்கேற்ற காரணத்தைத்தான் சொல்வார். தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குவது, மொத்தச் செலவில் சின்னத் தொகை.

யார் பொறுப்பு

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பேஸ்மென்ட் பொதுப்பகுதி என்றே வருகிறது. ஆக அது அந்த பார்க்கிங் இடத்துக்காரரின் தனிப் பிரச்சினை அல்ல. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாக வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் இழப்பீடு உண்டு. வாட்டர் ஸ்டாப் வைக்காத மூட்டும், அடைக்காத கம்பி ஓட்டைகளும் இதற்குள் வரும் என்று வாதிடலாம். தெரு உயர்ந்ததால் வந்த வெள்ளத்தை அப்படிச் சொல்வது கடினம்.

நடைமுறையில் பல அசோசியேஷன்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பில்டரின் ஆள் வாட்ஸ்அப்பில் "பார்க்கிறோம் சார்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடும், நாலாவது வருடம் ஒருமுறை பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள், ஆறாவது வருடம் காலம் கடந்துவிட்டது என்பார்கள். முதல் ஈரம் தெரிந்த பருவமழையிலேயே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். எந்தத் தூண்களுக்கு நடுவே, எந்தத் தேதிகளில் என்று வாட்ச்மேன் நோட்டின் நகலையும், தேதி பதிந்த படங்களையும், பொறியாளர் அறிக்கையையும் அதோடு இணையுங்கள். அவர்கள் வந்து ஏதாவது பூசிவிட்டுப் போனால், என்ன வேலை, எந்த இடத்தில் என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் அதே இடம் நனைந்தால் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.